உள்ளூர் ஜூனியர் ஹாக்கி அணியின் கார்டுகளை முழுசாகச் சேர்க்க முடியுமா?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் ஓஷாவாவுக்குக் குடிவந்து, மகனோடு அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ஜெனரல்ஸின் ஆட்டங்களுக்குப் போய் வருகிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீடு மாறும்போது ஒரு ஷூ பெட்டி நிறைய, ஆட்டக்காரர் படம் அச்சிட்ட ஹாக்கி கார்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்து ஜெனரல்ஸ் கார்டுகள் மொத்தத்தையும் சேர்க்க முடியுமா, எங்கிருந்து தொடங்குவது, பையன் பெரியவனாகும்போது அதற்கு விலை இருக்குமா என்று கேட்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கும். ஆனாலும் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து வருகிறேன். டொராண்டோ பக்கம் கார்டு கடையில் வேலை பார்த்து, அப்புறம் ஷோ எனப்படும் கார்டு சந்தைகளில் மேசை போட்டு விற்றுவருகிறவன் நான். ஒன்டாரியோ அணிகளின் கார்டுகள் எனக்குக் கைப்பழக்கம். கியூபெக், மேற்கு மாகாண அணிகளின் கார்டுகள் என் மேசைக்கு வருவது குறைவு, அதனால் அவற்றைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

இந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு சின்ன விளக்கம். கனடாவில் ஜூனியர் ஹாக்கியின் மேல்தட்டு மூன்று லீகுகளாகப் பிரிந்திருக்கிறது: ஒன்டாரியோ, மேற்கு, கியூபெக். பெரும்பாலும் பதினாறு முதல் இருபது வயதுப் பையன்கள். சொந்த ஊரை விட்டு வந்து, அணி ஏற்பாடு செய்யும் குடும்பங்களோடு தங்கி, பள்ளிக்கும் போய்க்கொண்டு ஆடுவார்கள். அந்தக் குடும்பங்களை இங்கே 'பில்லட்' என்பார்கள். ஓஷாவா ஜெனரல்ஸ் 1937-இல் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர், அந்த நிறுவனத்திலிருந்தே பெயரும் வந்தது. 1953-இல் அணி ஆடிவந்த ஹாம்ப்ளி அரீனா எரிந்து போனபின் அணி 1962 வரை இல்லாமலே இருந்தது. திரும்பி வந்த அதே ஆண்டில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அணியில் சேர்ந்தான். அவன் பெயர் பாபி ஆர், பின்னால் ஹாக்கியின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று.

அந்தப் பெயரைச் சொன்னதும் உங்களுக்கு ஆசை வந்திருக்கும். ஆனால் கடையில் ஆர் கார்டு என்று கேட்டால் முதலில் நீட்டுவது டாப்ஸ் என்ற நிறுவனம் போட்ட 1966-67 செட்டின் 35-ஆம் எண் கார்டைத்தான். அதில் அவர் ஜெனரல்ஸ் சட்டையில் இல்லை, பிறகு ஆடிய தொழில்முறை அணியான பாஸ்டன் ப்ரூயின்ஸ் சட்டையில் இருக்கிறார். ஜூனியர் அணிக் கார்டுகளைத் தொடர்ச்சியாகச் சேர்க்க வசதியான காலம் ஏறக்குறைய 1980-இலிருந்துதான். அதற்கு முன் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தவற்றைப் பழம்பொருள் வேட்டை என்று தனியே ஒதுக்கி வையுங்கள்.

1980-க்குப் பிறகு வந்தவை மூன்று வகை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் 'எல்லாம் வேண்டும்' என்று இறங்குகிறவர்கள் பாதி வழியில் சலித்துவிடுவார்கள்.

முதல் வகை, காவல்துறையும் உள்ளூர்க் கடைகளும் சேர்ந்து கொடுத்த இலவசக் கார்டுகள். 1980-களில் ஒன்டாரியோவின் பல ஊர்களில் இது நடந்தது. கிச்சனர் ரேஞ்சர்ஸ், சட்பரி உல்வ்ஸ் செட்டுகள் ஷோக்களில் அடிக்கடி கண்ணில் படும். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் இரண்டு மூன்று வரியில் புத்திமதி: சைக்கிளில் போனால் ஹெல்மெட் போடு, தெரியாதவர் காரில் ஏறாதே, இந்த மாதிரி. ரோந்து வரும் அதிகாரியிடம் பிள்ளைகள் போய்ப் பேசிக் கார்டு வாங்க வேண்டும், போலீஸ் என்றால் பயம் போக வேண்டும் என்பது ஏற்பாட்டின் நோக்கம். பொதுவாக ஒவ்வொன்றாகத்தான் கைக்கு வரும். அதனால் இன்று முழு செட்டாகக் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் கால்சட்டைப் பையில் மடங்கிய தடம் இருக்கும். மூலை கூராக இருக்கும் போலீஸ் செட்டைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுவேன். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அச்சகத்தில் அடித்த படம் ஒழுங்கான வரிசையில் வண்ணப் புள்ளிகளாகத் தெரியும், எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். வீட்டு பிரின்டரில் எடுத்த நகலில் எழுத்தின் ஓரமே புள்ளி தெறித்து மங்கலாக இருக்கும்.

இரண்டாம் வகை, பெரிய நிறுவனங்கள் லீக் முழுவதற்கும் போட்ட செட்டுகள். செவன்த் இன்னிங் ஸ்கெட்ச் என்ற நிறுவனம் 1989-90-இல் ஒன்டாரியோ லீகுக்கு 200 கார்டு போட்டது, அடுத்த சீசனில் 400. 1990-களின் நடுவில் ஸ்லாப்ஷாட் என்ற பெயரில் வந்தன. 2004-05-இல் என்.எச்.எல். (தொழில்முறை ஹாக்கியின் உச்ச லீக்) கதவடைப்பில் ஒரு சீசன் முழுக்க நின்றுபோனபோது, இன் தி கேம் நிறுவனம் ஜூனியர் பையன்களை முன்னால் நிறுத்தி 'ஹீரோஸ் அண்ட் ப்ராஸ்பெக்ட்ஸ்' என்ற வரிசையை விற்றது. அண்மையில் அப்பர் டெக் என்ற நிறுவனம் 2022-23-க்கு மூன்று லீகுகளையும் சேர்த்து ஒரு செட் போட்டது. ரெஜைனா பேட்ஸ் அணியில் ஆடிய, பெரிய நட்சத்திரமாவான் என்று எல்லாரும் எதிர்பார்த்த கானர் பெடார்டுக்காகவே பெட்டி பெட்டியாக வாங்கினவர்கள் உண்டு. இந்த வகையில் ஜெனரல்ஸ் ஆட்களை மட்டும் பொறுக்கி எடுப்பது எளிது. பட்டியல் தெளிவாக இருக்கிறது, ஒற்றைக் கார்டாகவும் கிடைக்கும்.

மூன்றாம் வகைதான் என் மனதுக்குப் பிடித்தது, தலைவலியும் அதில்தான். அணியே அச்சடித்து அரீனா கடையில் விற்பது, அல்லது ஏதோ ஓர் இரவு ஆட்டத்தில் வருகிறவர்களுக்குக் கொடுப்பது. இருபது முப்பது கார்டு இருக்கும். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், சில சமயம் அணியின் சின்னப் பொம்மையாக வேஷம் போடுகிறவர். எத்தனை அச்சடித்தார்கள் என்ற கணக்கை யாரும் வெளியிடுவதில்லை. 'இது வெறும் ஐந்நூறுதான்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அச்சு ரசீது எங்கே என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இந்த அணி செட்டுகளில் பலவற்றில் ஆண்டே போட்டிருக்காது. கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பின்பக்கத்தில் புள்ளிவிவரம் இருந்தால் அது பெரும்பாலும் போன சீசனுடையது. 1988-89 வரை கணக்கு இருந்தால் கார்டு 1989-90-ஐச் சேர்ந்தது. பிறந்த தேதி இருந்தால் வயதைக் கணக்கிட்டு நெருங்கலாம். மார்பில் கேப்டனுக்கான 'சி' எழுத்து யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள், கேப்டன்களின் பட்டியல் கிடைக்கும். படத்தின் பின்னணியையும் விடாதீர்கள். ஜெனரல்ஸ் 2006 இலையுதிர்காலம் வரை பழைய சிவிக் ஆடிட்டோரியத்தில் ஆடினார்கள், அப்புறம்தான் நகர மையத்தில் கட்டிய புது அரீனாவுக்கு வந்தார்கள். இருக்கையும் பலகை விளம்பரமும் பார்த்தே பலர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல், கார்டு அச்சாகும் தேதி. சீசன் செப்டம்பரில் தொடங்கும், ஆட்களை மாற்றிக்கொள்ள ஜனவரி இரண்டாம் வாரம் வரை அவகாசம். படத்தை முன்னாலேயே எடுத்து அச்சடித்திருந்தால், ஜனவரியில் வந்து கோப்பையை வெல்ல உதவினவன் செட்டிலேயே இருக்க மாட்டான். ஜனவரியில் ஊரை விட்டுப் போனவன் இருப்பான். ஜெனரல்ஸின் நட்சத்திரம் ஜான் டவாரெஸ் அணியை விட்டு லண்டன் நைட்ஸுக்குப் போனது 2009 ஜனவரியில். அதே சீசனில் அவரை இரண்டு சட்டையிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் பேசிய இளம் நட்சத்திரம் எரிக் லிண்ட்ராஸ் கதை இதற்கு நேர் எதிர். அணிகள் முறை போட்டுப் புதுப் பையன்களை எடுக்கும் லீக் தேர்வில் சூ செயின்ட் மரி அணி 1989-இல் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது, அவர் அங்கே போக மறுத்து டெட்ராய்ட் பக்கம் ஆடிக்கொண்டிருந்தார். டிசம்பரில் பேரம் முடிந்து ஓஷாவாவுக்கு வந்தார். அந்த சீசனில் அவர் ஜெனரல்ஸுக்கு ஆடியது 25 லீக் ஆட்டம்தான். இருந்தும் செவன்த் இன்னிங் ஸ்கெட்ச் செட்டில் முதல் எண் கார்டு அவருடையது. செட்டை அச்சுக்கு அனுப்பின நேரம் அவருக்கு வாய்த்தது.

சரி, விலைக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஜூனியர் கார்டை ஹாக்கி சேகரிப்பு உலகம் 'ரூக்கி கார்டு' என்று ஏற்றுக்கொள்வதில்லை. ஓர் ஆட்டக்காரரின் பெரிய விலைக் கார்டு என்.எச்.எல். சட்டையில் வரும் முதல் கார்டுதான், அதிலும் அப்பர் டெக்கின் யங் கன்ஸ் வரிசை. அதற்கு முந்தைய ஜூனியர் கார்டு எத்தனை அரிதாக இருந்தாலும் விலையில் இரண்டாம் இடம்தான். 1990 வாக்கில் வந்த கார்டுகள் எக்கச்சக்கமாக அச்சானவை என்பதும் உறுதி. 1990-91-இல் அப்பர் டெக், ஸ்கோர், ப்ரோ செட் எல்லாம் ஒரே சமயத்தில் ஹாக்கிக்குள் நுழைந்தன, எல்லாரும் பையனின் காலேஜ் செலவுக்கு என்று வாங்கி அடுக்கினார்கள். லிண்ட்ராஸ் மேல் இருந்த வெறி எப்படி என்றால், அவர் டொராண்டோ பேஸ்பால் அணியான ப்ளூ ஜேஸோடு பேட்டிங் பயிற்சி எடுத்ததைப் படம் பிடித்து ஸ்கோர் நிறுவனம் அவருக்கு ஒரு பேஸ்பால் கார்டே போட்டது. அந்தக் கார்டை இன்று ஷோவில் மலிவுப் பெட்டியிலும் பார்க்கலாம்.

சந்தேகமானது, வருங்காலம். இன்றைக்கு அணியில் இருக்கும் எந்தப் பையன் பெரிய ஆளாவான் என்று சொல்கிறவர்கள் அத்தனை பேரும் ஊகிக்கிறார்கள், திறமையான பையன்களைத் தேடச் சம்பளம் வாங்கும் ஸ்கவுட்டுகள் உட்பட. மூன்று ஜூனியர் லீகுகளுக்கும் பொதுவான மெமோரியல் கோப்பையை 2015-இல் வென்ற ஜெனரல்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லாரும் தேடிய பெயர் மைக்கேல் டால் கோல். அதற்கு முந்தைய ஆண்டு என்.எச்.எல். தேர்வில் ஐந்தாவது ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி எடுத்த பையன். கெலோனா ராக்கெட்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 2-1 என முடிந்தது. ஜெனரல்ஸின் இரண்டு கோலையும் போட்டவர் ஆந்தனி சிரெல்லி. ஒன்டாரியோ லீக் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்டு, தானாக வந்து இடம் பிடித்தவர். சிரெல்லி பின்னால் டாம்பா பே அணியோடு 2020-இலும் 2021-இலும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வாங்கினார். டால் கோலால் என்.எச்.எல்.-இல் நிலைக்க முடியவில்லை. அந்த வசந்தத்தில் ஒரு மேசையில் இருவர் கார்டும் இருந்திருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்?

அதனால்தான் அணி செட்டைப் பிரித்து நட்சத்திரத்தை மட்டும் எடுக்காதீர்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஒரு சீசனில் ஒரு ஊருக்காக ஆடின பையன்கள் அத்தனை பேரும் ஒன்றாக அச்சில் வந்திருப்பது அங்கே மட்டும்தான். அவர்களில் பெரும்பாலானோர் அடுத்த கட்டத்துக்குப் போகவே இல்லை, வேறு கார்டே அவர்களுக்குக் கிடையாது. 1990 மெமோரியல் கோப்பை என்றால் எல்லாருக்கும் லிண்ட்ராஸ்தான் நினைவுக்கு வருவார். ஹாமில்டனில் கிச்சனருக்கு எதிரான இறுதி ஆட்டம், இரண்டாவது கூடுதல் நேரம், 4-3. கடைசி கோலை அடித்தது பில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற தடுப்பாட்டக்காரர். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் இயன் ஃப்ரேசர். ஆர்ம்ஸ்ட்ராங் என்.எச்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் 2020-இல் என்.எச்.எல். அணியான அரிசோனா கொயோட்டீஸின் பொது மேலாளர் ஆனார், அணி யூட்டாவுக்கு இடம் மாறியபோதும் அந்தப் பொறுப்பில் தொடர்ந்தார். ஜெனரல்ஸ் சேகரிக்கிறேன் என்று ஒருவர் சொல்லி, லிண்ட்ராஸ் இருக்கிறது, ஆர்ம்ஸ்ட்ராங் இல்லை என்றால், அவர் லிண்ட்ராஸ் சேகரிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சந்தை இதற்கு எதிர்த்திசையில் போகிறது, அது உங்களுக்குச் சாதகம். பழைய செட்டை வாங்கும் வியாபாரி பெரிய பெயரை உருவித் தனியே விற்றுவிட்டு, மிச்சத்தைக் கட்டாகப் போடுவார். ஆக இணையத்தில் 'செட்' என்று வரும் எதையும் வாங்குமுன் பெரிய பெயர் உள்ளே இருக்கிறதா என்று படம் கேளுங்கள். டவாரெஸ் காலத்து செட்டில் டவாரெஸ் இல்லாமல் வருவது சகஜம். 2005-இல் பதினைந்து வயது நிரம்புமுன்பே சிறப்பு அனுமதியில் லீகுக்குள் வந்த முதல் ஆள் அவர், 2006-07-இல் 72 கோல் போட்டவர், விட்டு வைப்பார்களா? அதே சமயம், உருவின கட்டை மலிவாக வாங்கி, விடுபட்ட ஒற்றைக் கார்டைப் பொறுமையாகத் தேடிப் பிடித்தால் முழு செட்டாக வாங்குவதை விடக் குறைவாகவே முடியும்.

தேடும் இடங்கள். பட்டியலுக்கு டிரேடிங் கார்டு டேட்டாபேஸ் என்ற தளம் நல்லது, சேகரிப்பவர்களே ஏற்றுவது. அணி செட்டுகளில் அங்கேயும் ஓட்டை உண்டு என்பதால் அதில் இல்லாத ஒரு கார்டு போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிசிசாகாவில் விமான நிலையம் பக்கத்தில் இன்டர்நேஷனல் சென்டரில் நடக்கும் ஸ்போர்ட் கார்டு எக்ஸ்போவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிகளை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப் பெட்டிகளைக் கேளுங்கள், ஜூனியர் செட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஆனால் என் அனுபவத்தில் மிக நல்ல வழி பில்லட் குடும்பங்களும் பழைய சீசன் டிக்கெட்காரர்களும்தான். தங்கள் வீட்டில் தங்கின பையனின் கார்டு அவர்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும், விற்கும் எண்ணமே இருக்காது. அரீனாவில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த வருஷத்து செட்டைப் பொறுத்தவரை, அது வெளிவந்ததும் அரீனா கடையில் இரண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று கையெழுத்து வாங்க. பொதுவாகப் பெரிய செலவு ஆகாது. சீசன் முடிந்தபிறகு அதே செட்டைத் தேடிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள்.

இனி அந்த ஷூ பெட்டி. முதல் வேலை, ரப்பர் பேண்டுகளைக் கழற்றுவது. கார்டோடு ஒட்டி இறுகிப் போயிருந்தால் இழுக்காதீர்கள், கத்தரித்து எடுங்கள், ஒட்டின துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். 1990-களின் பளபளப்புக் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்கலாம். இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தால் சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சில பிரியும், பிரியாததை நகத்தால் கிளறினால் மை உரிந்து வெள்ளை தெரியும். பழைய ஒன்பது அறை பிளாஸ்டிக் தாள்களில் இருந்தால் மோந்து பாருங்கள். புது ஷவர் திரை வாசம் அடித்து, தொட்டால் பிசுபிசுத்தால் அது பி.வி.சி. கார்டுகளை உடனே வெளியே எடுத்து, பி.வி.சி. இல்லாத உறையில் போடுங்கள். சாதாரணக் கார்டுக்கு மெல்லிய பென்னி ஸ்லீவ் போதும், நல்லதற்கு அதன்மேல் கெட்டியான டாப் லோடர். பேஸ்மென்ட்டில் தரையோடு வைக்காதீர்கள். பனி உருகும் மாதங்களில் ஓஷாவா பேஸ்மென்ட் எப்படி இருக்கும் என்று போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். படுக்கையறை அலமாரி மேல்தட்டு போதும்.

தரமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பி.எஸ்.ஏ. மாதிரியான நிறுவனங்கள் கார்டின் நிலையைப் பார்த்து எண் போட்டுப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவார்கள். ஜூனியர் அணி செட்டுகளுக்கு அந்தக் கட்டணம் பெரும்பாலும் கார்டின் விலையைத் தாண்டிவிடும். அந்தப் பணத்தை வேறு ஒரு சீசனின் செட்டுக்குச் செலவழிப்பேன் நான்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் ஜூனியர் அணிக்கு ஈடு கிடையாது. என்.எச்.எல். ஆளிடம் வாங்கப் பணம் கட்டி வரிசையில் நிற்க வேண்டும். இங்கே ஆட்டம் முடிந்து பையில் ஈரத் துண்டோடு வரும் பதினேழு வயதுப் பையனிடம் உங்கள் மகனே கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் பெயரும் கேட்டு எழுதிக் கொடுப்பான். நீல நிற ஷார்ப்பி மார்க்கர் பேனா எடுத்துப் போங்கள், கறுப்புச் சட்டைப் படம் என்றால் வெள்ளி நிறம். பளபளப்புக் கார்டை முதலில் உலர்ந்த மென்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மை திரண்டு வழுக்கும். எழுதி முடித்ததும் உடனே உறையில் போடாமல் சில நிமிடம் காயவிடச் சொல்லுங்கள். தோற்ற இரவில் கேட்கவேண்டாம் என்று பையனிடம் சொல்லி வையுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பையன்கள் அங்கேதான் இருப்பார்கள்.